அரைபடாத டிஸ்க்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வங்கி துளசிமணியிடம், நீங்கள் துளசிமணி இல்லை என்று சொல்லிவிட்டது.

மரியாதையாகத்தான் சொன்னது. மில்லுக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டியிருந்தது. அவள் வழக்கம்போல் போனை எடுத்து, பில்லைக் கட்டிவிடு என்று இரண்டே வார்த்தையில் முடித்தாள். அந்தப் பக்கம் இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு, அவளுடைய பேச்சு திருமதி துளசிமணியின் பேச்சோடு அறுபத்தொரு சதவீதம்தான் பொருந்துகிறது என்றும், பாதுகாப்புக் கருதிக் கணக்கை முடக்கியிருப்பதாகவும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் தெரிவித்தது. துளசிமணி அதைத் திட்டினாள். பொருத்தம் ஐம்பத்தாறாக இறங்கியது.

இது நடந்தது 2048-இல். ரகசிய எண், ஓடிபி எல்லாம் ஒழிந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. முதலில் திருடர்கள் எண்ணைத் திருடினார்கள். பிறகு ஓடிபியை நம் வாயாலேயே சொல்லவைத்து வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் கைரேகையையும் முகத்தையும் நகலெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் வங்கிகள் கூடி உட்கார்ந்து யோசித்து, ஒருவரிடமிருந்து திருடவே முடியாதது அவர் பேசும் விதம் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தன. குரல் அல்ல, விதம். எந்த இடத்தில் இழுக்கிறார், எந்த எழுத்தை முழுங்குகிறார், எதற்குச் சிரிக்கிறார், கோபம் வந்தால் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறார். இதற்குப் பேச்சுச்சாவி என்று பெயர் வைத்தார்கள். போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், பணம் போய்விடும்.

திருடர்கள் ஒரு வருடம் திண்டாடினார்கள். பிறகு காயலான் கடைகளுக்குப் போனார்கள்.

காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டர்கள் கிடந்தன. அவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் கல்யாண வீடியோ, குரல் செய்திகள், விடிய விடியத் தட்டிய அரட்டை என்று ஆளே முழுசாக இருந்தார். அதையெல்லாம் ஒரு இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்தால் மூன்றாம் நாள் அந்த ஆள் மாதிரியே பேசுகிற நகல் ஒன்று தயாராகிவிடும். ஊரில் அதை ரெண்டாமாள் என்று சொன்னார்கள். சிங்காநல்லூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ரெண்டாமாள் அவருடைய மனையை விற்றுவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு அம்மா, மகன் குரலைக் கேட்டுக் கையிலிருந்த அத்தனையையும் அனுப்பினார். மகன் அப்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. ஜனங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். காதலர்கள்கூட வங்கி மேலாளரிடம் பேசுவதுபோல் பேசினார்கள். குழந்தையின் மழலையைப் பதிவு செய்யவே பல வீடுகளில் பயந்தார்கள்.

துளசிமணியின் பிழைப்பே இந்தப் பயத்தை வைத்துத்தான். கோவை கணபதியில் அவள் மாமனார் நடத்திய மாவு மில்லை அவருக்குப் பிறகு டிஸ்க் அரவை மில்லாக மாற்றியிருந்தாள். வாசலில் அதே வரிசை, கையில் அதே தூக்குப்பை. முன்பு மிளகாயும் மல்லியும் கொண்டுவந்த குடும்பங்கள் இப்போது டிஸ்க் கொண்டுவந்தன. மிளகாய் அரைக்கும்போது பக்கத்திலேயே நின்று, தங்கள் தூள்தான் தங்களுக்கு வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்ப்பார்களே, அப்படியே இதற்கும் பார்த்தார்கள். அரைத்து முடித்ததும் துளசிமணி தூளைக் கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஒட்டிக் கொடுப்பாள். சிலர் அதை நொய்யலில் கரைக்கப்போவதாகச் சொல்வார்கள். அது வேண்டாம், மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள் என்று திருப்பி அனுப்புவாள்.

எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டுத்தானே கொண்டுவந்தேன், இன்னும் எதற்கு அரைக்க வேண்டும் என்று கேட்கிற படித்தவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். அவர்களுக்கென்று அவள் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"நோட்டுல பொருளடக்கத்தைக் கிழிச்சுப் போட்டா உள்ள இருக்கற பக்கம் போயிருமாங்க? டெலிட்டுன்னா அவ்வளவுதான். பக்கம் பூரா அப்படியே இருக்கும். படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான்."

பதினோரு வருடத்தில் அவள் மில்லிலிருந்து ஒரு டிஸ்க் முழுசாக வெளியே போனதில்லை. அவளிடம் வந்தால் கரடுமுரடான இரண்டு வார்த்தைதான் கிடைக்கும், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும் என்று ஊரில் பெயர். அப்பேர்ப்பட்ட துளசிமணிக்கு ரெண்டாமாள் முளைத்திருந்தது.

அதை அவளுக்கு விளக்கிச் சொன்னது வங்கியின் அடையாளப் பிரிவில் இருந்த ஃபர்சானா. முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. போன வெள்ளிக்கிழமை இன்னொரு துளசிமணி வங்கிக்குப் போன் செய்து, ஊர்க்கதை எல்லாம் பேசி, இயந்திரத்தையே இரண்டு முறை சிரிக்கவைத்துவிட்டு, சாவியைப் புதுப்பித்துக்கொண்டாள் என்று சொன்னாள். பொருத்தம் தொண்ணூற்றேழு. அது சும்மா இருந்திருந்தால் தெரிந்திருக்காது. அடுத்த நாளே கணக்கு மொத்தத்தையும் வேறு ஊருக்கு மாற்றச் சொன்னதால் சந்தேகம் வந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

"இவ்வளவு பெரிய உடம்போட நான் உன் முன்னால உக்காந்திருக்கறேன் அம்மிணி. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றாள் துளசிமணி.

முக ஒப்பனை போட்டு ஆளையே அனுப்புகிறார்கள், உடம்பை வைத்து இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று ஃபர்சானா வருத்தத்தோடு கையை விரித்தாள். அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. டிஸ்க் அரைக்கிறவரின் பெயரிலேயே நகல் உலவினால், பத்து நாளுக்குள் அடையாளம் உறுதியாகாவிட்டால், மில் உரிமம் ரத்து. கணக்கு போனால் போகிறது; மில் போனால் துளசிமணி எங்கே போவாள்?

வீட்டுக்கு வந்து, நம் டிஸ்க் எப்படி வெளியே போயிருக்கும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். கணவர் ஈஸ்வரமூர்த்தியும் கூடவே மும்முரமாகத் தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார், பரண்மேல் ஏறித் தேடினார். அவர் இவ்வளவு சுறுசுறுப்பாக எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. அதனால்தான் அவளுக்குப் பொறி தட்டியது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். மனுஷன் பரண் ஏணியில் பாதியில் நின்றபடியே ஒப்புக்கொண்டுவிட்டார்.

விஷயம் இதுதான். அவருக்குச் சர்க்கரை. வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு முற்பகல், இவள் மில்லில் இருக்கும்போது, தெருவில் பேட்டரி ஆட்டோ ஒன்று, பழைய கம்ப்யூட்டர், பழைய போன், பழைய டிஸ்க்குக்குப் பேரீச்சம்பழம் என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போயிருக்கிறது. அவர் கண்ணுக்கு முன்னால் பழம் பளபளவென்று இருந்திருக்கிறது. பரணில் இவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. ஊர் உலகத்து டிஸ்க்கையெல்லாம் தூளாக்குகிற வீட்டு டிஸ்க் அரைக் கிலோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது.

"கால் கிலோதான் தந்தான். பேசித்தான் அரைக் கிலோ வாங்குனேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி, தன் தரப்பில் ஏதாவது நல்லது சொல்ல வேண்டுமே என்று.

துளசிமணி அவரோடு அன்று மேற்கொண்டு பேசவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அடையாளம் உறுதி செய்ய ஒரு வழி உண்டு என்று ஃபர்சானா சொல்லியிருந்தாள். ரத்த சம்பந்தமுள்ள ஒருவர் அவளோடும் நகலோடும் தனித்தனியாகப் பேசி, எது அசல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கணவனோ மனைவியோ கூடாது. ஆரம்பத்தில் அனுமதித்துப் பார்த்தார்களாம். பத்துக்கு நாலு கணவர்கள் நகலைக் காட்டி, இதுதான் என் மனைவி என்றிருக்கிறார்கள். தெரியாமல் காட்டினார்களா, தெரிந்தே காட்டினார்களா என்று வங்கியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைகளும் கூடாது, அவர்களுக்கு அம்மாவை அம்மாவாக மட்டும்தான் தெரியும். கூடப் பிறந்தவர்கள்தான் வேண்டும்.

துளசிமணிக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா. கோபியில் இருக்கிற கோகிலவாணி. அவளோடு பேசிப் பதினாலு வருடம் ஆகிறது.

சண்டை என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. கோகிலவாணி தன் மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து, பத்திரிகை கொடுத்து அழைத்தாள். தங்கை வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நம்ம ஆளுக்கு எதற்குத் தனியாக அழைப்பு, அவள்தானே முதல் நாளே வந்து நின்று கல்யாணத்தை நடத்தப்போகிறவள் என்று நினைத்தாள். பத்திரிகையின் படத்தை மட்டும் போனில் அனுப்பினாள். இங்கே துளசிமணி, ஊராருக்கெல்லாம் தட்டு, எனக்குப் போனில் படமா என்று நினைத்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. சொந்தச் சித்தி வரவில்லையே என்று மண்டபமே கேட்டதில் அக்காவுக்கு மானம் போயிற்று. முதலில் அவள் போன் பண்ணட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்படியே வருடங்கள் போய்விட்டன. அக்காவோடு பேச்சு நின்றபின் துளசிமணிக்கு மற்றவர்களோடும் பேச்சு சுருங்கிப்போனது. அதை அவள் கவனிக்கவில்லை. வங்கி இயந்திரம்தான் கவனித்தது.

அக்காவுக்கு நான் போன் பண்ண மாட்டேன் என்று துளசிமணி ஃபர்சானாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். உரிமம் போனாலும் சரி, பண்ண மாட்டேன். கடைசியில் வங்கியே கோபிக்குப் போன் செய்தது. வரமாட்டாள் என்றுதான் துளசிமணி நினைத்தாள். ஆனால் ஃபர்சானா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கோகிலவாணி கேட்டாளாம். துளசிமணி அக்கா கேட்டதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். வேடிக்கை பார்க்க வருகிறாளோ என்னவோ என்று வாய் மட்டும் சொன்னது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை. அக்காவை மாடியில் ஒரு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். துளசிமணிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மைக், காதில் மாட்ட ஒன்று. ரெண்டாமாளுக்கும் அழைப்பு போயிருந்தது. சோதனையில் ஜெயித்துவிட்டால் கணக்கு நிரந்தரமாக அதனுடையதாகிவிடும் என்பதால், அதை வைத்திருந்தவர்கள் எங்கிருந்தோ சரியான நேரத்துக்கு இணைப்பில் வந்துவிட்டார்கள். தன் பெயரில் பேசப்படுவதைக் கேட்க நேரில் வந்தவருக்கு உரிமை உண்டு, இணைப்பில் வருகிறவருக்குக் கிடையாது என்பது சட்டம். அதனால் துளசிமணிக்கு எல்லாமே கேட்கும். அவள் பேசுவது அதற்குக் கேட்காது. மாடியில் இருக்கிற அக்காவுக்கு முதல் குரல், இரண்டாம் குரல் என்று மட்டும்தான் தெரியும்.

"நல்லா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டது மாடியிலிருந்து வந்த குரல்.

பதினாலு வருடம் கழித்துக் கேட்கிற குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, மற்றபடி அதே அக்கா. துளசிமணி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், முதல் குரலாகிய ரெண்டாமாள் முந்திக்கொண்டது. நல்லா இருக்கறேன் அக்கா, நீ எப்படி இருக்கறே, மாமாவுக்கு முட்டி வலி தேவலையா, பண்ணாரி கோயிலுக்குப் போனப்ப நீ கட்டியிருந்த பச்சைக் கண்டாங்கி இன்னும் கண்ணுலயே இருக்குது என்று கலகலவென்று கொட்டியது. நடுநடுவே சிரித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு துளசிமணியுடையதுதான். நான் இவ்வளவு சிரித்துக்கொண்டா இருந்தேன் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. பயமும் வந்தது. இவளா அவளா என்று என்னைக் கேட்டால் நானே அவளைத்தானே காட்டுவேன்.

இரண்டாம் குரலின் முறை வந்தது. "இருக்கறேன்" என்றாள் துளசிமணி. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கோகிலவாணி அடுத்த கேள்விக்குப் போனாள்.

"நம்ம ஊட்டுல ஒரு எருமை இருந்துதே. அது பேரு என்ன?"

ரெண்டாமாள் யோசிக்கவே இல்லை. "ஜில்லு தானே அக்கா. அப்பா வெச்ச பேரு. உன்னையத் தவிர யாரையும் கறக்க உடாதே" என்றது.

துளசிமணி பழைய வீட்டை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். எருமையா? எந்த எருமை? நமக்குத்தான் மறந்துவிட்டதா? தன் முறை வந்ததும், தோற்றாலும் பரவாயில்லை, பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"வாடகை ஊட்டுல, மாடி போர்ஷன்ல குடியிருந்தோம். துணி காயப்போடவே எடமில்ல. எருமையை எங்க கட்டுனோம், பால்கனியிலயா?"

மாடியில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கும்போது அக்காவுக்கு அப்படித்தான் இருமல் வரும் என்பது துளசிமணிக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தாள் கோகிலவாணி. என் மகள் கல்யாணத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

ரெண்டாமாளுக்கு அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அதற்கு மூன்று வருடம் முந்தைய கதை. ஆனாலும் அது தடுமாறவில்லை. குரல் தழுதழுக்க, தப்பு பூராவும் என்மேலதான் அக்கா, என்னைய மன்னிச்சுரு அக்கா, உன்ற காலுல விழுந்து கேக்கறேன் என்றது. மாடியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஃபர்சானாவின் கண்ணே கலங்கிவிட்டது.

துளசிமணிக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. யார் நீ மன்னிப்புக் கேட்க? என் சண்டை அது. தன் மைக்கின் விளக்கு எரிந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"நீ கூப்படலை, நான் வரலை. பால் சொசைட்டிச் செயலாளர் ஊட்டுக்குத் தட்டு வெச்சே. கணபதியில இவரோட பங்காளி ஊட்டுக்கு வந்து தட்டு வெச்சே. உன்ற காரு என்ற மில்லு வாசலைத் தாண்டித்தான் போச்சு. நான் வாசல்லதான் நின்னேன். வருவே வருவேன்னு காப்பிக்குப் பால் வாங்கி வெச்சிருந்தேன். மூணு லிட்டரு. அத்தனையும் திரிஞ்சுபோச்சு. கல்யாணத்துக்குன்னு எடுத்த அரக்குப் பட்டு மடிப்பு கலையாம பீரோவுல கெடக்குது. போன்ல படம் அனுப்பறா, படம். நான் என்ன, உனக்கு ஊராளா?"

இன்னும் நிறையப் பேசினாள். எந்தத் தேதி, என்ன கிழமை, அக்கா என்ன நிறக் காரில் போனாள், கூட யார் உட்கார்ந்திருந்தார்கள், எதையும் விடவில்லை. நாலு நிமிடம் மூச்சே விடவில்லை. முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். காரியம் கெட்டது, இந்த வாயால்தான் கெட்டது என்று தெரிந்தது.

பிறகு கோகிலவாணி, அலுவலகத்துக்குப் பேசுகிற தெளிவான குரலில் சொன்னாள்.

"ரெண்டாவது பேசுனதுதானுங்க என்ற தங்கச்சி."

காரணத்தைப் படிவத்தில் எழுத வேண்டும் என்றாள் ஃபர்சானா.

"மொதல்ல பேசுனது ரொம்ப நல்ல புள்ளைங்க. எங்க ஊட்டுல அப்பிடி யாரும் கெடையாது."

இதைப் படிவத்தில் எழுத முடியாது என்று ஃபர்சானா சிரித்துக்கொண்டே சொல்ல, அப்போதுதான் கோகிலவாணி முழுக் கதையையும் எடுத்துவிட்டாள். மூன்று மாதமாக ரெண்டாமாள் தினமும் அவளுக்குப் போன் செய்கிறது. முதல் நாள், ஈஸ்வரமூர்த்திக்கு ஆபரேஷன், அவசரமாகப் பணம் அனுப்பு என்று அழுதிருக்கிறது. அது துளசி இல்லை என்று முதல் நிமிடமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று ஃபர்சானா கேட்டாள்.

"போன் பண்ணுச்சே. என்ற தங்கச்சி செத்தாலும் மொதல்ல போன் பண்ண மாட்டா" என்றாள் கோகிலவாணி.

உடனே வைத்துவிட்டுப் புகார் கொடுக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாளாம். ஆனால் அந்தக் குரல் அக்கா என்றதும் வைக்க முடியவில்லை. பணம் நாளைக்கு அனுப்பறேன் கண்ணு, வேற என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறாள். அது ஆசையாக அரை மணி நேரம் பேசியிருக்கிறது. மறுநாளும் பணம் கேட்டிருக்கிறது. இவள் மறுபடி நாளைக்கு என்றிருக்கிறாள். இப்படியே தொண்ணூறு நாள், ஒரு பைசா அனுப்பவில்லை. நடுவில் வாய் சும்மா இருக்காமல் அதற்கு இல்லாத கதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எருமை அவள் வளர்த்ததுதான். என்றைக்காவது போலீஸ் கேட்டால், இது என் தங்கை இல்லை என்று காட்ட ஏதாவது வேண்டும் என்று, தொழுவத்திலேயே இல்லாத எருமைக்குப் பெயர் வைத்து, பால் கறந்து, ஒரு கன்றுகூடப் போடவைத்திருக்கிறாள். அத்தனை அழைப்பும் பதிவாகி அவள் போனில் இருந்தது.

ஃபர்சானாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரை மணி நேர அழைப்பு தொண்ணூறு இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று சைபர் போலீஸ் கையைப் பிடித்துக் காட்டிவிடும். பொதுவாக இவர்கள் மூன்று நிமிடத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடுவார்கள். யாரும் இப்படி உட்காரவைத்துக் கதை பேசியதில்லை. அவள் உடனே போன் செய்ய ஓடினாள். மறுநாள் ஏதோ ஒரு மாநிலத்தில், மூடிப்போன கோழிப்பண்ணைக்குள் நாலு பேர் பிடிபட்டார்கள், முந்நூறு டிஸ்க்குகளோடு.

ஆனால் அதற்கு முன் அன்றைக்கே, சோதனையில் தோற்ற நகல் என்பதால், திறந்திருந்த இணைப்பு வழியாகவே வங்கி ரெண்டாமாளை அணைக்க வேண்டியிருந்தது. துளசிமணியை மாடிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவள் அக்காவைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அணைப்பதற்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன் என்று கோகிலவாணி ஃபர்சானாவிடம் கேட்டுக்கொண்டாள்.

"வரட்டுமா கண்ணு?" என்றாள் போனில்.

"அக்கா, அந்தப் பணம் மட்டும்..." என்றது ரெண்டாமாள்.

"நாளைக்கு அனுப்பறேன், சரியா? ஒடம்பைப் பாத்துக்க."

சரிக்கா என்றது அது. பிறகு ஒன்றுமில்லை. கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துளசிமணிக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை நாள் என் குரலோடு அக்கா பேசியிருக்கிறாள், நான் பேசவில்லை. திருடன் செய்த வேலையைக்கூட நான் செய்யவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அதுக்குப் பதிலா எனக்கு ஒரு தடவை பண்ணியிருக்கலாமல்ல?" என்றாள்.

"பண்ணலாம்னுதான். நீ எடுக்காட்டி?" என்றாள் அக்கா. "அது தெனமும் அதாவே பண்ணுச்சு துளசி."

துளசிமணி போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

சோதனைத் தாளில் கையெழுத்தாகிவிட்டது, மில் உரிமத்துக்கு இனி ஆபத்தில்லை என்று ஃபர்சானா சொன்னாள். டிஸ்க் மில்லிலிருந்து போகவில்லை, வீட்டுப் பரணிலிருந்து போனது என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். பாக்கி இருந்தது ஒரே வேலை. பழைய சாவி கெட்டுவிட்டதால் புதிதாக ஒன்று பதிய வேண்டும். அதற்குத் துளசிமணி அரை மணி நேரம் இயல்பாகப் பேச வேண்டும், யாரோடு வேண்டுமானாலும். இயந்திரம் பாட்டுக்குக் கேட்டுக்கொள்ளும். ஃபர்சானா அதை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அக்காதான் முதலில், உன் புருஷன் டிஸ்க்கை எதற்குப் போட்டார் என்று கேட்டாள். துளசிமணி பேரீச்சம்பழக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பரண் ஏணியில் பாதியில் நின்றதைச் சொன்னாள். பேரம் பேசி அரைக் கிலோ வாங்கிய பெருமையைச் சொன்னாள். கோகிலவாணிக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு அடக்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அதைப் பார்த்துத் துளசிமணிக்கும் வந்துவிட்டது. எருமைக் கன்றுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டாள். உன் பெயர்தான் என்றாள் அக்கா. சாப்பிட்டுவிட்டு வந்த ஃபர்சானா, உள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று கதவில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

அரை மணி என்றது ஒன்றே முக்கால் மணியாகியிருந்தது. இயந்திரம் எப்போதோ தன் முடிவை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தது. ஃபர்சானா அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அறையில் பேசிய பெண்மணியின் பேச்சு, அணைக்கப்பட்ட நகலோடு தொண்ணூற்றேழு சதவீதம் பொருந்துகிறது. இவர் நகலாக இருக்கக்கூடும். கணக்கு மறுபடி முடக்கப்படுகிறது. ஒருமுறை சாட்சி சொன்ன உடன்பிறந்தவர் பத்து நாள் கழித்துத்தான் மறுபடி நேரில் வந்து சாட்சி சொல்லலாம்.

ஃபர்சானாவுக்குச் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. நான் மேலதிகாரியிடம் பேசி இப்போதே எடுத்துவிடச் செய்கிறேன், பத்து நிமிட வேலைதான் என்று போனை எடுத்தாள். கோகிலவாணி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டம்னா சட்டந்தானுங்க அம்மிணி. நமக்காக மாத்தக்கூடாது" என்றாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, பத்து நாளைக்கு மாற்றுப் புடவை கொண்டுவரவில்லையே, உன்னுடையது எனக்குச் சேருமா என்று கேட்டாள்.